வரைந்த வாத்தியாரை ஒயிலாட்டம் ஆடவைப்பது எப்படி? (வீடியோ அசைவைப் படத்துக்கு மாற்றும் ஏஐ பற்றி)

மந்தைத்திடல்:

வணக்கம். மதுரையில் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் ஊர் ஒயிலாட்டக் குழுவுக்குப் பெரியப்பாதான் வாத்தியார். முழங்கால் வலி வந்த பிறகு அவர் ஆடுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி தாளம் தட்டிச் சொல்லிக்கொடுக்கிறார். ஊர்ப் பிள்ளைகளில் நிறையப் பேர் திருப்பூரிலும் சென்னையிலும் வளர்கிறார்கள். ஊர்ப் பொங்கலுக்கு வரும்போது வரிசையில் சேர ஆசைப்படுகிறார்கள், ஆனால் அடி தெரியாது. அவர்கள் போனில் பார்த்தே பழகும்படி, பெரியப்பா சாயலில் ஒரு வாத்தியாரை வரைந்து, அவர் ஒவ்வோர் அடியாக ஆடிக் காட்டும் சின்ன வீடியோக்களைச் செய்ய நினைக்கிறேன்.

படம் தயார். தலை பெரிது, கால் குட்டை, தலையில் முண்டாசு, தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, வலது கையில் சிவப்புக் கைக்குட்டை, காலில் சலங்கை. அசைவுக்குக் கையில் இருப்பது பெரியப்பா ஆடிய பழைய வீடியோ. இரவு நேரம், டியூப்லைட் வெளிச்சம், கூட்டத்துக்குள் நின்று யாரோ போனில் எடுத்தது. இரண்டையும் கொடுத்தால் வீடியோவின் அசைவைப் படத்துக்கு ஏற்றித் தரும் ஒரு இணையச் சேவையில் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு நொடி பார்த்ததும் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அவரைப் போலவே தோளை அசைத்தார் அந்த வாத்தியார். அப்புறம் ஒவ்வொன்றாகக் குலைந்தது.

கைக்குட்டை விரல்களோடு கலந்து காணாமல் போகிறது. கால் மாற்றி வைக்கும் இடத்தில் இடது வலதாகிவிடுகிறது. முதுகு காட்டித் திரும்பி வரும்போது முகம் வேறு யாரோ ஒருவருடையதாக இருக்கிறது. குட்டைக் கால் நீண்டு பெரியப்பாவின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பாதங்கள் எண்ணெய் தடவிய தரையில் நிற்பதுபோல வழுக்குகின்றன. எனக்கு மிகவும் வருத்தமானது இந்தக் கடைசி விஷயம்தான். பெரியப்பா ஆட்டத்தில் குதிகால் தாளத்துக்கு ஒரு இம்மி பிந்தித்தான் விழும். அதைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் இந்த வேலைக்கே அர்த்தம் இல்லை.

வீட்டில் 12 ஜிபி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணினி இருக்கிறது. ஏஐ மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டும் கம்ஃபியூஐ மென்பொருள் ஓரளவு தெரியும். எங்கே தொடங்க வேண்டும், எதை மாற்ற வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கூடல்_எடிட்டர்:

அக்கா, நான் கோரிப்பாளையத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இந்த அசைவு மாற்றும் வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்த வகை ஏஐ மாதிரிகள் (மாடல்கள்) பெரும்பாலும் உங்கள் பெரியப்பாவின் வீடியோவை அப்படியே பார்ப்பதில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு எலும்புக்கூட்டுப் படம் எடுக்கப்படுகிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். இப்படிப் புள்ளி எடுக்கும் ஓப்பன்போஸ் என்ற கருவியின் பாணியில் உடம்புக்கு 18 புள்ளிகள். அந்தக் கோட்டுருவம்தான் உங்கள் ஓவியத்தை ஆட்டுவிக்கிறது. கோட்டில் இல்லாத எதுவும் மறுபக்கம் போய்ச் சேராது. கைக்குட்டைக்குப் புள்ளி கிடையாது. சலங்கைக்குக் கிடையாது. குதிகாலுக்கும் கிடையாது, அந்த 18 புள்ளிகள் கணுக்காலோடு நின்றுவிடுகின்றன! நீங்கள் தேடும் அந்த இம்மி, மாதிரிக்குப் போய்ச் சேரும் முன்பே தொலைந்துவிடுகிறது.

டிடபிள்யூபோஸ் என்ற கருவி மொத்தம் 133 புள்ளிகளைக் கண்டுபிடிக்கும்: உடம்புக்கு 17, பாதங்களுக்கு 6, முகத்துக்கு 68, இரண்டு கைகளுக்கும் சேர்த்து 42. பாதத்துக்கு மூன்று வீதம், பெருவிரல், சுண்டுவிரல், குதிகால். ஆனால் பலரும் பகிரும் ஒர்க்ஃப்ளோக்களில் (கம்ஃபியூஐயில் வேலைப் படிகளை வரிசையாக இணைத்து வைத்த அமைப்புகள்) கோட்டுருவத்தை வரையும்போது பாதப் புள்ளிகளை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒர்க்ஃப்ளோவில் எலும்புக்கூட்டு வீடியோவைத் தனியாகச் சேமித்துப் பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே கோடு இருக்கிறதா? இல்லையென்றால் அதை மாற்றாமல் மேலே போக வேண்டாம். கோட்டுருவம் மட்டும் ஆடும்போதே "இது பெரியப்பா" என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதில் தெரியவில்லை என்றால் ஓவியத்திலும் தெரியாது.

பாதம் வழுக்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கூட்டத்துக்குள் நின்று கையில் எடுத்த வீடியோ என்றீர்கள். கேமரா இடப்பக்கம் ஆடினால் கோட்டுருவம் முழுதும் வலப்பக்கம் நகரும். உங்கள் ஓவியத்தின் பின்னணியோ அசையாமல் நிற்கிறது. பிறகு பாதம் வழுக்காமல் என்ன செய்யும்? மந்தையில் மைக்செட் கம்பமோ சாவடித் தூணோ வீடியோவில் தெரிந்தால், அதை நிலையான புள்ளியாக வைத்து எடிட்டிங் மென்பொருளில் முதலில் ஆட்டத்தை நிறுத்துங்கள். அதற்குப் பிறகுதான் புள்ளி எடுக்க வேண்டும்.

ஆனால் என் கருத்தைக் கேட்டால், அந்தப் பழைய வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவு வெளிச்சத்தில் போன் ஷட்டரை நீளமாகத் திறந்து வைக்கும், வேகமாக வீசிய கை ஒரு புகைக்கோடாகத்தான் பதியும், அதில் மணிக்கட்டு எங்கே இருக்கிறது என்று எந்தக் கருவியும் ஊகிக்கத்தான் முடியும். வரிசையில் பக்கத்தில் ஆடுபவர் குறுக்கே வந்தால் அவருடைய காலை இவருக்கு ஒட்டிவிடும். பெரியப்பாவிடம் நன்றாகக் கற்றவர் குழுவில் ஒருவராவது இருப்பார். அவரைப் பகலில், தனியாக, ஆடச் சொல்லிப் புதிதாக எடுங்கள். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டட்டும், குதிகால் பிந்தி விழவில்லை என்றால் அவரே நிறுத்திவிடுவார். இந்த ஒரு மாற்றம் எந்தப் புது மாதிரியை விடவும் உங்களுக்குப் பலன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்டாண்டில் கேமரா, இடுப்பு உயரம். தலைக்கு மேலும் பாதத்துக்குக் கீழும் இடம் விட்டு ஃபிரேம் வையுங்கள். வீசிய கை ஃபிரேமை விட்டு வெளியே போகக் கூடாது. ஆடுபவருக்கு வேட்டி வேண்டாம், முழங்காலும் கணுக்காலும் தெரியும்படி அரைக்கால் சட்டை போதும். வேட்டி உங்கள் ஓவியத்தில் இருக்கிறது, அந்தத் துணி எப்படி அசைய வேண்டும் என்பதை மாதிரி தானாகவே ஓரளவு நன்றாகச் செய்யும். கால் வேட்டிக்குள் மறைந்தால்தான் இடது வலது குழம்புகிறது. சட்டை நிறமும் பின்னால் இருக்கும் சுவர் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டாம். போனில் புரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக வையுங்கள், காலை வெளிச்சம் அதற்குப் போதும்.

மாதிரிக்கு வருவோம். 2018-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செய்த ஆராய்ச்சியில், ஆடவைக்க வேண்டிய ஆளையே நிறைய நேரம் படம் பிடித்து, அவருக்கென்றே மாதிரியைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. 2023 கடைசியில் அலிபாபாவின் அனிமேட் எனிஒன் வந்த பிறகுதான் ஒரே ஒரு படத்தை வைத்து முழு உடலையும் ஆடவைக்கும் முறை பரவலாகப் பேசப்பட்டது. இப்போது சொந்தக் கணினியில் ஓட்ட நான் சொல்வது வான் 2.2 அனிமேட். 2025 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்டார்கள். அதில் இரண்டு முறை உண்டு. ஒன்று, உங்கள் படத்தில் உள்ளவரை அதே படத்தின் பின்னணியில் ஆடவைப்பது. மற்றது, வீடியோவில் ஆடுபவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் உருவத்தை வைப்பது. உங்களுக்கு முதலாவதுதான் வேண்டும்.

1400 கோடி அளவுருக்கள் (மாதிரி கற்றுவைத்திருக்கும் எண்கள்) உள்ள மாதிரி அது. ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் அந்த எண்கள் மட்டுமே 28 ஜிபி. உங்கள் 12 ஜிபி அட்டையில் முழுதாக ஏறாது. ஜிஜியூஎஃப் என்று சுருக்கிய கோப்புகள் கிடைக்கும், அவற்றைப் போட்டு, கொள்ளாததைக் கணினியின் சாதாரண நினைவகத்துக்கு (ராம்) தள்ளி ஓட்டலாம். மெதுவாக வரும். முதலில் சின்ன அளவில் எடுத்துச் சரிபார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் பெரிய கிராஃபிக்ஸ் அட்டையில் (ஜிபியு) பெரிதாக எடுங்கள்.

குட்டைக் கால் நீளுவதற்கு: வீடியோவில் ஆடுபவரின் எலும்பு நீளத்தை உங்கள் உருவத்தின் எலும்பு நீளத்துக்கு மாற்றியமைக்க வேண்டும். இதை ரீடார்கெட் என்பார்கள், வான் அனிமேட்டின் முன்தயாரிப்புப் பகுதியில் அந்தத் தெரிவு இருக்கிறது. அது சரியாக வேலை செய்ய, உங்கள் ஓவியமும் வீடியோவின் முதல் ஃபிரேமும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்க வேண்டும். வாத்தியாரை நேராக, கையைச் சற்று விலக்கி, இரண்டு காலும் தெரிய நிற்கும்படி ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். ஆடுபவரும் அதே மாதிரி நின்று தொடங்கட்டும்.

முகம் மாறுவதற்கு மாதிரியைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் கொடுத்த ஒரு படத்தில் முதுகுப்பக்கம் இல்லை. முண்டாசுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அது கற்பனை செய்கிறது, திரும்பி வரும்போது முகத்தையும் மறுபடி கற்பனை செய்கிறது. உங்களுக்கு வரையத் தெரியும் என்பது பெரிய பலம். பின்பக்கம், பக்கவாட்டு என்று தனித்தனிப் படங்கள் வரையுங்கள். திரும்பும் இடத்தில் வீடியோவை வெட்டி, முதுகு காட்டும் பகுதியைப் பின்பக்கப் படத்தை வைத்துத் தனியாக எடுத்து ஒட்டுங்கள். இல்லையென்றால் வாத்தியாரைப் பல கோணத்தில் வரைந்து, அந்த உருவத்தை மாதிரிக்குக் கூடுதலாகப் பழக்கும் லோரா பயிற்சி கொடுக்கலாம், ஆனால் சொல்லிக்கொடுக்கும் வீடியோவுக்கு அவ்வளவு தேவைப்படாது.


திருமங்கலம்_பேனா:

மேலே சொன்னது எல்லாம் சரி. இன்னொரு வழியும் இருக்கிறது. மெட்டா நிறுவனத்தின் அனிமேட்டட் டிராயிங்ஸ், 2021-இல் சோதனைக்காக இணையத்தில் விட்டார்கள், பிறகு மூல நிரலையும் வெளியிட்டார்கள். குழந்தைகள் கிறுக்கிய மனித உருவங்களை ஆடவைப்பதற்காகச் செய்தது. இது படத்தை ஏஐ மூலம் மறுபடி வரைவதில்லை. உருவத்தைப் பிரித்தெடுத்து, மூட்டுகளைக் கண்டுபிடித்து, உங்கள் கோடுகளையே வளைத்து அசைக்கும். தலை பெரிது, கால் குட்டை என்பதெல்லாம் இதற்குப் பிரச்சினையே இல்லை. மூட்டு தப்பான இடத்தில் விழுந்தால் நீங்களே இழுத்துச் சரிசெய்யலாம். முக்கியமாக, உங்கள் தூரிகைக் கோடு கடைசிவரை உங்கள் கோடாகவே இருக்கும். பெரிய ஜிபியு வேண்டாம்.

குறை: துணி ஆடாது, ஆழம் கிடையாது, ஒரு காகித உருவம் அசைவதுபோலத்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு அடி சொல்லிக்கொடுக்க அதுவே போதும் என்பது என் எண்ணம்.


மந்தைத்திடல்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. எலும்புக்கூட்டு வீடியோவை மட்டும் எடுத்துப் பார்த்தேன், கணுக்காலோடு நிற்கிறது, தம்பி சொன்னது அப்படியே. பாதப் புள்ளிகள் வரும்படி மாற்றியதும் பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு சோதனை வீடியோவில் குதிகால் தெரிகிறது.

திருமங்கலம் நண்பர் சொன்னதையும் செய்து பார்த்தேன். கோடு மாறாமல் இருப்பது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் ஒயிலாட்டத்தில் உடம்பு குனிந்து முன்னால் வரும், அந்த முன்னும் பின்னும் இதில் வரவில்லை. ஒரே இடத்தில் நின்று ஆடும் எளிய அடிகளுக்கு அதையும், மற்றவற்றுக்கு வான் அனிமேட்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

கைக்குட்டைக்கு என்ன செய்வது? அது இல்லாமல் ஒயிலாட்டமே இல்லை.


கூடல்_எடிட்டர்:

கைக்குட்டையை மாதிரியிடம் விடாதீர்கள் அக்கா. ஓவியத்தில் கையை வெறுங்கையாக, மூடிய விரல்களோடு வரைந்து கொடுங்கள். வீடியோவிலும் ஆடுபவர் கைக்குட்டை இல்லாமல், பிடித்திருப்பதுபோல விரலை மடக்கி ஆடட்டும். முடிந்த பிறகு கைக்குட்டையைத் தனி அடுக்காகச் சேர்க்கலாம். மணிக்கட்டுப் புள்ளி ஒவ்வொரு ஃபிரேமிலும் எங்கே இருக்கிறது என்ற எண்கள் ஜேசன் (JSON) என்ற எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும். அதை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் பாதையாக வைத்து, ஒரு சதுரத் துணியின் ஒரு முனையை அதில் பொருத்தி, துணி அசைவைக் கணக்கிடும் சிமுலேஷன் ஓட்டினால் வீச்சும் சுண்டுதலும் இயற்பியல்படியே வரும்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் கையால்தான் வரைவேன். நொடிக்கு 12 படம் போதும். அந்தச் சிவப்பு, படத்திலேயே உயிருள்ள பகுதி. அதை நீங்கள் வரைந்தால்தான் அழகு.

நேரக் கணக்கு ஒன்று. பல ஒர்க்ஃப்ளோக்கள் நொடிக்கு 16 ஃபிரேமில் ஓடும்படி அமைந்திருக்கும், 81 ஃபிரேம் கொண்ட ஒரு துண்டு ஏறக்குறைய 5 நொடி. 16 என்றால் ஒரு ஃபிரேம் 62 மில்லிநொடிக்கு மேல். பெரியப்பாவின் அந்தப் பிந்தல் அதைவிடச் சின்னதாக இருந்தால் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும். அதனால் வீடியோவை நொடிக்கு 32 ஃபிரேமுக்கு மாற்றி, பாதி வேகத்தில் ஓடுவதாக வைத்து மாதிரிக்குக் கொடுங்கள். வெளிவருவதை இருமடங்கு வேகமாக்கினால் பழைய நேரத்துக்கு வந்துவிடும். வேலை நேரம் இரட்டிப்பாகும், வேட்டி அசைவு கொஞ்சம் கனமில்லாமல் தெரியலாம், ஆனால் கால் சரியாக விழும். துண்டுகளை ஒட்டும் இடம் எப்போதும் ஓர் அடி முடிந்து நிற்கும் இடமாக இருக்கட்டும். நடு வீச்சில் ஒட்டினால் நிறம் மாறுவது கண்ணில் படும். ஒலியைத் தொடவே தொடாதீர்கள், ஆடியவரின் சலங்கைச் சத்தத்தையே வையுங்கள். எடுக்கத் தொடங்கும்போது ஒரு கைத்தட்டல் இருந்தால் படத்தையும் ஒலியையும் பொருத்துவது சுலபம்.


மேலூர்_தப்பு:

தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. என் அப்பா தப்பாட்டக் கலைஞர், அதனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு கோயில் விழாவில் ஆடியதை யாரோ எடுத்து, ஒரு கேலிச் சித்திர உருவத்துக்கு அந்த ஆட்டத்தை ஏற்றி விளம்பரமாகப் போட்டுவிட்டார்கள். முகம் அப்பாவுடையது இல்லை. ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இடுப்பை வெட்டித் திரும்புவது அவர் மட்டும்தான். அப்பா கோபப்படவில்லை. "என்னைக் கூப்பிட்டிருந்தால் இன்னும் நல்லா ஆடியிருப்பேனே" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் தாங்க முடியவில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞர் என்ற விளக்கத்துக்குள் நடிகர், பாடகரோடு நடனக்காரரும் வருகிறார், பாம்பாட்டிகூட வருகிறார். 38-ஆம் பிரிவு அவர்களுக்குத் தங்கள் நிகழ்ச்சியின் மீது 50 ஆண்டு உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில், ஆடியவர் இன்னார் என்று சொல்லப்படும் உரிமையும், பெயர் கெடும்படி சிதைத்தால் தடுக்கும் உரிமையும் சேர்ந்தன. எலும்புக்கூட்டுக் கோடாக மாற்றிய பிறகு அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வழக்கறிஞர்கள் பேசட்டும். நாம் செய்ய வேண்டியது சட்டம் சொல்லும் முன்பே தெரிந்ததுதான்.

ஆடப்போகிறவருக்கு அன்றைய கூலி கொடுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும். இது எதற்காக, எங்கே போடப்போகிறோம் என்று முன்பே சொல்லுங்கள். வீடியோவில் பெரியப்பா பெயர் வாத்தியார் என்றும், ஆடியவர் பெயர் தனியாகவும் வரட்டும். ஏஐ உதவியால் அசைவூட்டியது என்றும் எழுதிவிடுங்கள். பிரித்தெடுத்த அந்த எலும்புக்கூட்டுக் கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், அது கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எந்த உருவத்துக்கு வேண்டுமானாலும் அவர் ஆட்டத்தை மாட்டலாம்.


மந்தைத்திடல்:

அக்காவோ தங்கச்சியோ, நீங்கள் எழுதியதைப் பெரியப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். உங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறார், உண்மையாகவே சொல்கிறேன். தனிச் செய்தி அனுப்புகிறேன். கூலியும் பெயரும் நீங்கள் சொன்னபடியே. கோப்பு என் கணினியை விட்டுப் போகாது.

ஆடப்போவது பெரியப்பாவிடம் சின்ன வயதிலிருந்தே கற்ற ஒரு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை காலை சாவடிக்கு முன்னால் எடுக்கிறோம். ஸ்டாண்டு கிடைத்துவிட்டது. வேறு ஏதாவது வேண்டுமா?


கூடல்_எடிட்டர்:

வெயில் உச்சிக்கு ஏறும் முன் எடுத்துவிடுங்கள், நிழல் காலுக்கடியில் கறுப்பாகச் சேர்ந்தால் பாதப் புள்ளி குழம்பும். ஒவ்வோர் அடியையும் முதலில் மெதுவாக, அப்புறம் தாள வேகத்தில், இரண்டு முறையும் எடுங்கள். பிள்ளைகளுக்கு மெதுவானதும் வேண்டும், அதை வேகத்தைக் குறைத்துச் செய்தால் உடம்பின் கனம் பொய்யாகத் தெரியும்.

இன்னொரு போன் இருந்தால் பக்கவாட்டில், தரையோடு ஒட்டி, பாதம் மட்டும் தெரிய வையுங்கள். மாதிரிக்கு அது வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு, வரைந்த வாத்தியாரின் குதிகால் எந்த ஃபிரேமில் தரையைத் தொடுகிறது, அந்த அண்ணனின் குதிகால் எந்த ஃபிரேமில் தொட்டது என்று பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு ஃபிரேம் தள்ளி இருந்தால் அந்தத் துண்டை அங்கேயே நகர்த்திச் சரிசெய்துவிடலாம்.